ஓவர் சொல்லாத ஊர்

முடிவெட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்தவன் பேசியே ஆக வேண்டும் என்ற சட்டத்தை யார் போட்டார்களோ, திருமூர்த்திக்குத் தெரியாது. உடுமலைப்பேட்டையில் அது ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அமலில் இருந்தது. வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்ட கையோடு கடைக்காரர் குப்புராஜ் ஆரம்பித்துவிட்டார். "தம்பி எந்த ஊருங்க?" நல்ல கேள்விதான். பதிலும் தெரிந்த பதில்தான். பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் இங்கிருந்து நாலு வீதி தள்ளி ஏரிப்பாளையத்தில். சொல்ல வேண்டியதுதானே? சொல்லலாம், ஆனால் குப்புராஜ் பேசி முடித்துவிட்டாரா இல்லையா என்று முதலில் தெரிய வேண்டுமே. ஒன்பது வருஷமாக அவனோடு பேசியவர்கள் எல்லாரும் பேசி முடித்ததும் முடித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். ஓவர் என்பார்கள். அப்புறம்தான் இவன் பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தி ஒரு மூச்சு நேரம் பொறுக்க வேண்டும், பிறகு பேச வேண்டும், பேசி முடித்து இவனும் ஓவர் சொல்ல வேண்டும். அடுத்த ஆள் பேசும்போது நீ பட்டனை அழுத்தினாயோ, அவர் பேச்சும் போச்சு, உன் பேச்சும் போச்சு, கீ என்று ஒரு சத்தம்தான் மிச்சம். காட்டிலாகாவின் வயர்லெஸ் ஆளாகக் குருவிமொட்டை மலை உச்சியில் ஒற்றை அறைக்குள் உட்கார்ந்து அவன் கற்றுக்கொண்ட மரியாதை அது. ஆகவே மரியாதையாகக் காத்திருந்தான். குப்புராஜ் சீப்பைத் தண்ணீரில் நனைத்தார், உதறினார், ஓவர் மட்டும் சொல்லவில்லை. "முகச்சாடை பழனிப் பக்கமாட்ட இருக்குது," என்றார். கொஞ்சம் பார்த்தார். "பழனிதான்." இப்படியாகத் திருமூர்த்தி பழனிக்காரன் ஆனான்.

சரி, பழனியாக இருந்துவிட்டுப் போகட்டும், பழனிக்கென்ன குறைச்சல் என்று அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து இருபது. பதினொரு மணிக்கு ஒரு பெண் போன் பண்ணுவாள். வசந்தமணி, கோலார்பட்டி, முப்பத்தாறு வயது. சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா செல்வநாயகி பழத்தட்டோடும் பட்டுச் சேலையோடும் அவனைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறாள். அதற்கு முன்னால் தான் ஒருக்கா மாப்பிள்ளையோடு பேசிப்பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டதாம். "பாத்துக்க கண்ணு," என்று அக்கா காலையில் இட்லி வைத்துக்கொண்டே பாடம் எடுத்தாள். "அந்தப் புள்ள பேசறப்ப மரமாட்ட நிக்காத. ம் கொட்டு. தலையாட்டு. அட, போன்ல தலையாட்டி என்ன பண்றது, ம் மட்டும் கொட்டு. கத்தாத. என்ற தம்பி நல்லவன்னு நான் எத்தன பேருகிட்டத்தான் சொல்லிக்கிட்டிருக்கறது, நீ ஒருக்கா வாயத் தொறந்து காட்டோணுமல்ல?" அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம். முதலில் பார்த்த தாராபுரத்துப் பெண்ணின் அப்பா கால் மணி நேரம் பேசினார், இவன் அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தான், அவரோ இவன் தொடங்குவதற்காகக் காத்திருந்தார், கடைசியில் இவன் எழுந்து கும்பிட்டு, மலையில் நிற்கிற குரலில், "போயிட்டு வரேனுங்க, ஓவர்!" என்று ஒரு போடு போட்டான், உள்ளே இருந்த பெண்டுபிள்ளைகள் சிரித்த சிரிப்பு தெரு முனை வரைக்கும் கூடவே வந்தது. இரண்டாவது பல்லடம். அங்கே பேச்சுக்கு முன்னால் கண்ணே கெடுத்துவிட்டது. யானைக் கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பவனுக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது கண்ணை எடுக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, யானை திரும்பி முறைப்பதில்லை. அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றபோது அதே பார்வையை இமைக்காமல் பார்த்து வைத்தான். மாப்பிள்ளை ஒரு மாதிரி என்று மறுநாள் ஆள் விட்டுச் சொன்னார்கள். ஒரு மாதிரி! என்ன மாதிரி என்று கேட்க அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னவர் அதற்குள் பேச்சை மாற்றிவிட்டார்.

தலையில் தண்ணீர் தெளித்தார் குப்புராஜ். சிலீர் என்றது. பிறகு ஐந்து விரலையும் உள்ளே விட்டு முடியைக் கிளறினார், திருமூர்த்திக்கு முதுகுத்தண்டு வரைக்கும் சிலிர்த்துக்கொண்டு போயிற்று. போன பொங்கலுக்குப் பிறகு தன் தலையை வேறொரு மனுஷக்கை தொடுவது இதுதான் முதல் தடவை. மேலே அவனே கத்தரித்துக்கொள்வான், ஒரு எவர்சில்வர் தட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, தட்டில் தெரிகிற கோணல் மூஞ்சிக்குத் தக்கபடி கோணலாக. "யாரு தம்பி இதுக்கு முன்ன வெட்டினது?" என்று குப்புராஜ் கத்தரிக்கோலை நிறுத்தி மெய்யாகவே வருத்தப்பட்டார். "எலி கொதறுனாப்பல இருக்குது." பதில் சொல்ல இது ஒரு நல்ல இடம்; நான்தானுங்க என்றால் எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்தால் பேச்சு தானாக வரும் என்று அக்காகூடச் சொல்லியிருக்கிறாள். நான்தானுங்க. நான்தானுங்க. துணிக்கு அடியில் அவனுடைய கட்டைவிரல் நாற்காலிக் கையிலிருந்த திருகாணியைத் தேடிப் பிடித்து அழுத்திக்கொண்டது, அதுதான் பட்டன் என்று விரலுக்கு நினைப்பு. அழுத்தி, ஒரு மூச்சு பொறுத்து, வாயைத் திறந்தபோது, "பேங்க்காரங்களுக்கு நேரம் எங்க இருக்குது," என்றார் குப்புராஜ். "கை மண்ணு படாம இருக்குதே. பேங்க்தான்." பழனிக்காரனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. எதிரே ஒரு கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய திருமூர்த்திகள் ஒருவர் பின் ஒருவராகப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் கூடியிருந்தும் இல்லீங்க என்று சொல்ல ஒருத்தனுக்கு வாய் வரவில்லை பாருங்கள். கடைசியில் மங்கலாக உட்கார்ந்திருந்த சின்னத் திருமூர்த்தி மட்டும் சொல்லத் துணிந்தவன் போல் இருந்தான், அவனும் சொல்லவில்லை.

பெஞ்சில் காத்திருந்தவர் நாட்ராயன், முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற கண்டக்டர். செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே, வாய்க்காலில் தண்ணீர் அடுத்த வாரம் விடுவார்கள் என்றார். எங்கீங்க விடறாங்க என்று குப்புராஜ் சொல்லும்போதே, அணையில் இத்தனை அடி நிற்கிறது என்று அவர் சொன்னார், அவர் சொல்லும்போதே போன வருஷமும் இதே கதைதான் என்று இவர் சொன்னார், அதன் மேலேயே அவர் தன் மருமகனின் தென்னந்தோப்பைக் கொண்டுவந்தார், தோப்புக்கு நடுவிலேயே இவர் தன் மாமியாரின் முழங்கால் வலியை இறக்கினார். ஒருத்தர் பேச்சு ஒருத்தர் பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. திருமூர்த்தி இரண்டு பேரையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். இவ்வளவு நேரத்துக்கு வயர்லெஸாக இருந்தால் கீ என்று காதைக் கிழித்திருக்கும். இங்கே அதிசயம் என்னவென்றால், இரண்டு பேருக்குமே எல்லாம் கேட்டிருந்தது. முழங்காலுக்கு என்ன எண்ணெய் தடவலாம் என்று நாட்ராயன் சொன்னார். மருமகன் எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறான் என்று குப்புராஜ் கேட்டார். எப்படி? எந்தக் காதால் கேட்டார்கள்? ஒரு காலத்தில் அவனுக்கும் இது தெரிந்திருந்ததே, ஏரிப்பாளையத்துக் கிணற்று மேட்டில் ஏழெட்டுப் பயல்களோடு சேர்ந்து ஒரே நேரத்தில் கத்தித்தானே வளர்ந்தான். நடுவில் நுழைய ஒரு இடைவெளி கிடைக்காதா என்று கவனித்தான். பொம்பளைப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் கயிறு சுற்றும்போது மூன்றாவது பிள்ளை ஓரத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டி, இப்போ, இப்போ என்று பதம் பார்க்குமே, அதே மாதிரி. இப்போ. இல்லை, போச்சு. இப்போ. அதுவும் போச்சு. "தம்பிக்கு எத்தன குழந்தைங்க?" என்று நாட்ராயன் திடுதிப்பென்று இவன் பக்கம் திரும்பினார். "ரெண்டு இருக்கும்," என்றார் குப்புராஜ், கத்தரி ஓட்டிக்கொண்டே. "ரெண்டுதான்." பெரிசு என்ன படிக்குது என்று நாட்ராயன் கேட்டார். பெரிசு! திருமூர்த்தி ஒரு கணம் யோசிக்கவே தொடங்கிவிட்டான். ஆறாவதாக இருக்கலாம். கணக்கு வராது, ஓட்டப் பந்தயத்தில் முதலாவது. அட கர்மமே, கல்யாணமே ஆகவில்லை, பிள்ளைக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் பிள்ளையை நினைத்த சிரிப்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மலையில் கஷ்டப்பட்டான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குருவிமொட்டை சொர்க்கம். காலையில் கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து போகும், சாயங்காலம் மந்திகள் கூரை மேல் உட்கார்ந்து அவன் சோறு வடிப்பதை வேடிக்கை பார்க்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரிசி பருப்போடு ஜீப் வரும், ஓட்டுகிறவர் அவனைவிடப் பேசாதவர். எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் ஸ்டேஷன் கூப்பிடும். அங்கே அவனுக்குத் திருமூர்த்தி என்று பெயர்கூட இல்லை, ஹில் த்ரீ. ஹில் த்ரீ, புகை ஏதாவது தெரியுதா, ஓவர். புகை இல்லீங்க, ஓவர். அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அடுத்தவர் பேச்சுக்குக் குறுக்கே பாய்ந்திருக்கிறான், ஒரு மாசி மாதம், கிழக்குச் சரிவில் புல்லெல்லாம் பற்றிக்கொண்டபோது. யாரோ இரண்டு பேர் டீசல் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவன் நடுவில் பூந்து, "பிரேக்! பிரேக்! ஹில் த்ரீ!" என்று கத்தினான். அவசரம் என்றால் அதற்கு அதுதான் சொல். அதைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் வாயை மூடிக்கொண்டு வழிவிட வேண்டும். இருபது ஆள் ஓடிவந்து அணைத்தார்கள். ஆனால் தீப்பிடித்தால்தான் பேசலாம் என்றால் மனுஷன் வாழ்நாளில் எத்தனை தடவை பேசுவது? அவனுக்குப் பயம் மலையைப் பற்றி இல்லை. பயம் என்னவென்றால், சட்டைப் பையில் நாலாக மடித்து ஒரு தாள் இருக்கிறது, நாளை திங்கட்கிழமை ரேஞ்சரிடம் கொடுக்க வேண்டும், கீழே வர விருப்பமா, இன்னும் மூன்று வருஷம் மேலேயே தொடர விருப்பமா என்று எழுதி. இந்தக் கோலார்பட்டியும் தாராபுரம் பல்லடம் மாதிரி ஆகிவிட்டால் மேலே என்று எழுதிக் கொடுத்துவிடுவான். அப்படி எழுதும்போது அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை, அப்பாடா என்று நிம்மதி வந்துவிடுமோ என்பதுதான் பயம். நிம்மதி வந்துவிட்டால் பிறகு எந்த அக்கா வந்து கூப்பிட்டாலும் அவன் இறங்கி வரமாட்டான். மூடி வைக்காத டப்பாவில் உப்பு கட்டிதட்டிப் போகிற மாதிரி உள்ளே இருக்கிற பேச்செல்லாம் இறுகிப் போயிருக்கிறது, இன்னும் மூன்று வருஷம் போனால் கரண்டிக்கும் வராது. அவனுக்கு முப்பத்தொன்பது வயசு. யாராவது தன்னோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, ஓவர் சொல்லாமல், பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

கன்னத்தில் சோப்பு நுரை ஏறியது. இளஞ்சூட்டு நுரை, எலுமிச்சை வாசம். கத்தி தோலில் ஏறி இறங்குகிற சரக் சரக் சத்தத்துக்குக் கண் சொக்கிற்று. பத்து ஐம்பது. போன் வந்தால் முதலில் என்ன சொல்வது? வணக்கமுங்க, நான் திருமூர்த்தி. சரி. அப்புறம்? நல்லா இருக்கறீங்களா. அப்புறம்? அப்புறம் அவள் ஏதாவது சொல்வாள், இவன் ம் கொட்டுவான். எத்தனை வார்த்தைக்கு ஒரு ம்? மூன்று நாளாக அக்காவின் எதிரில் உட்கார்ந்து பழகியதில், அவள் வெங்காய விலை சொல்லும்போது வார்த்தைக்கு வார்த்தை ம் ம் ம் என்று முக்கி அடி வாங்காத குறை. "மீசைய எடுத்துப்போடலாமுங்களா தம்பி?" என்று எங்கோ தூரத்தில் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தான். மீசையா? ஐயையோ, வேண்டாம். அனுப்பிய போட்டோவில் மீசை இருக்கிறது, மீசையோடு பார்த்துத்தான் அந்தப் பெண் சரி என்றிருக்கிறாள், மீசை இல்லாமல் போய் நின்றால் வேறு ஆளைக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடுவாள், தவிர இருபது வயதிலிருந்து கூடவே இருக்கிற மீசை அது, மேலே அவனுக்குத் துணை என்று இருந்ததே அதுதான். ஒரு வார்த்தை. வேண்டாமுங்க. கட்டைவிரல் திருகாணியை அழுத்திற்று. ஒரு மூச்சு. "இந்தக் காலத்துல யாருங்க வெச்சிருக்கறாங்க, அதும் பேங்க்ல," என்றார் குப்புராஜ். "எடுத்துரலாம்." சரக். இடது பக்க மீசை கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அதை ஒரு தாள் துண்டில் சாவகாசமாகத் துடைத்தார். எதிரே இருந்த பதினைந்து இருபது திருமூர்த்திகளுக்கும் ஒரே வீச்சில் பாதி மீசை போயிற்று. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அடடா, நான் சும்மா இருந்தால் யாரும் எனக்காகச் சும்மா இருப்பதில்லை. நான் சொல்லாமல் விட்ட இடத்தில் எல்லாம் மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியதை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். பழனியை நிரப்பினார்கள், பேங்க்கை நிரப்பினார்கள், இரண்டு பிள்ளைகளை நிரப்பினார்கள், தாராபுரத்தில் கிறுக்கு என்று, பல்லடத்தில் ஒரு மாதிரி என்று. இப்போது மீசையே போச்சு.

போன் அடித்தது. சட்டைப் பையில், துணிக்கு அடியில். கையெல்லாம் துணிக்குள் மாட்டிக்கொள்ள, முகமெல்லாம் நுரையாக இருக்க, குப்புராஜே பையில் கைவிட்டு எடுத்து, பெயரைப் படித்து, "வசந்தமணிங்களாமா, வீட்டுலயா?" என்று தானே பச்சையைத் தொட்டு, நுரை படக்கூடாதென்று ஸ்பீக்கரிலும் போட்டு முன்னால் நீட்டிவிட்டார். "ஹலோ, நான் வசந்தமணி பேசறனுங்க," என்றது குரல், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. திருமூர்த்தி காத்திருந்தான். "திருமூர்த்திங்களா? திருமூர்த்திதான். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருப்பீங்க, மணி பதினொண்ணாச்சே. ஒம்பது வருசம் மலைல இருந்தீங்கன்னு உங்கக்கா சொன்னாங்க. தனியாவா இருந்தீங்க? தனியாத்தான். குளிருமா? குளிரும், மலையல்ல." ம் கொட்ட வேண்டிய இடங்கள் கண் எதிரிலேயே ஒன்றன் பின் ஒன்றாகப் பஸ்போலக் கடந்து போய்க்கொண்டிருந்தன. "நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறனுங்களா? போறேன்தான். எனக்கு அது ஒரு வியாதியாட்டவே ஆயிப்போச்சுங்க. எங்கம்மா ஏழு வருசம் படுக்கைல இருந்தாங்க, பேச்சு நின்னுபோச்சு. வீட்டுல வேற ஆளும் இல்ல. அம்மா காப்பி வேணுமா, வேணும், சக்கரை போதுமா, போதும், இப்படி ரெண்டு பேருத்துக்கும் நானே பேசிக்குவேன். அம்மா போயி ஒண்ணரை வருசமாச்சு. இன்னும் ஆரு முன்னால இருந்தாலும் அவியளுக்கும் சேத்து நானே பதில் சொல்லிப்போடறேன். போன தடவ வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, இது பெரிய வாயாடி, எங்கள வாயத் தொறக்கவே உடலைன்னு சொல்லிப்போட்டுப் போனாங்க. அதான், நேருல வரதுக்கு முன்னால நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்னு கூப்பிட்டேன்." குப்புராஜின் கத்தி அந்தரத்தில் நின்றது. நாட்ராயன் விசிறலை நிறுத்திவிட்டார். பேசியே பழகிய இரண்டு வாயும் மூடிக்கொண்டு அவனையே பார்த்தன. பேசு, பேசு என்று நாட்ராயன் கையால் ஜாடை காட்டினார்.

பேசத்தான் போகிறான். அவனுக்கு உள்ளே ஏதோ கொதித்துப் பொங்கிக்கொண்டு வந்தது, இவளும் என்னை மாதிரித்தான் என்று. நான் ஓவருக்காகக் காத்திருந்தே கெட்டேன், இவள் ஓவர் சொல்ல ஆளில்லாமலே கெட்டிருக்கிறாள். ஏழு வருஷம் ஒரு அறை, ஒன்பது வருஷம் ஒரு அறை. இதை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும், இப்போதே, ஆனால் அவள் முடிக்கட்டும், முடித்ததும் சொல்லிவிடலாம், கட்டைவிரல் திருகாணி மேல் தயாராக இருந்தது. "நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே," என்றாள் வசந்தமணி. குரல் கொஞ்சம் இறங்கிற்று. "புடிக்கலையாட்ட இருக்குது." ஒரு கணம். "புடிக்கலைதான். பரவால்லீங்க, இதுல என்ன இருக்குது, நாலு மணிக்கு வந்து நீங்களும் சங்கடப்பட்டு நானும் சங்கடப்படறதுக்கு இதே மேலு. உங்கக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிப்போடறேன். சரிங்க, வெச்சிர—"

"பிரேக்! பிரேக்!" என்று கத்தினான் திருமூர்த்தி. மலைக்கு மலை கேட்கிற கத்தல். நுரை பறந்து கண்ணாடியில் அடித்தது, குப்புராஜ் கத்தியோடு இரண்டடி பின்னால் குதித்தார், வாசலில் போன சைக்கிள் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கட்டைவிரல் எதையும் அழுத்தவில்லை, துணிக்கு வெளியே வந்து போனைப் பிடுங்கி வைத்திருந்தது. "ஹில் த்ரீ பேசறேன்! இல்லீங்க, திருமூர்த்தி, திருமூர்த்தி பேசறேன். வெச்சுராதீங்க. புடிச்சிருக்குதுங்க. நீங்களா என்ற பதிலையும் சொல்லிக்காதீங்க, அது தப்பான பதிலுங்க. குளிரும்கறது மட்டும்தான் சரி." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போச்சு, கத்தியே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தான். பிறகு மெல்ல, "ஏனுங்க, ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்று கேட்டாள் வசந்தமணி. கேட்டுவிட்டு, பதில் எதுவும் தானாகச் சொல்லாமல், நின்றாள். அவள் அப்படி நின்றது அவனுக்குத் தெரிந்தது. அதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்பதும் தெரிந்தது. "நீங்க நடுவுல நிறுத்தவே இல்லீங்களே," என்றான். "எனக்குக் குறுக்க பேசத் தெரியாது. தீப்பிடிச்சா மட்டும்தான் பேசுவேன்." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. கிணற்றில் வாளி விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு, தாராபுரத்துச் சிரிப்பு மாதிரி இல்லவே இல்லை. "இன்னொன்னுங்க," என்று அவன் அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே சொன்னான், "போட்டோவுல பாத்த மீசை பாதிதான் இருக்குது. இப்பத்தான் போச்சு. வேண்டாம்னு சொல்றதுக்குள்ள எடுத்துப்போட்டாங்க." "எந்தப் பாதிங்க?" "வலதுதானுங்க இருக்குது." இனி என்ன செய்ய, எடுத்துரட்டுங்களா என்று அவன் கேட்கிறான், அதே நேரத்தில், எடுத்துருங்க, எனக்கு மீசை புடிக்காது, சொல்ல சங்கடமா இருந்துச்சு என்று அவள் சொல்கிறாள், மன்னிச்சுக்கங்க நீங்க பேசுங்க என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொல்கிறார்கள், சேர்ந்தே நிறுத்துகிறார்கள், மறுபடியும் சேர்ந்தே தொடங்குகிறார்கள். நாளைக்கு ரேஞ்சரிடம் கீழேயே வருகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போவதை அவன் சொல்ல, நாலு மணிக்கு வடை போடவா போண்டா போடவா என்று அவள் கேட்க, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. கீ என்று எந்தச் சத்தமும் வரவில்லை. "போண்டா," என்றான் அவன். "கீழேயே வந்துருங்க," என்றாள் அவள். இரண்டு பேருக்கும் எல்லாமே கேட்டிருந்தது.

போனை வைத்தான் திருமூர்த்தி. நாட்ராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். குப்புராஜ் அடி மேல் அடி வைத்து நாற்காலிக்குத் திரும்பி வந்து, வலது பக்க மீசையைப் பயத்தோடு பார்த்தார். "அப்ப மிச்சத்தையும் எடுத்துப்போடலாமுங்களா தம்பி? எடுத்து—"

"எடுங்கண்ணே. அப்பறம் எனக்குப் பழனி இல்லீங்க. பேங்க்கும் இல்ல, குழந்தைகளும் இல்ல. எலி கொதறுனாப்பல வெட்டுனதும் நானேதானுங்க. இதே ஊருதான், ஏரிப்பாளையம்."

"ஏரிப்பாளையமா! அங்க எந்த வீதி—" என்று குப்புராஜ் கேட்டு முடிக்கவில்லை, திருமூர்த்தி சொல்ல ஆரம்பித்திருந்தான்.